காலநிலை மாடல்களில் போலி நகர்வை நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் எங்களோடு வேலை பார்க்க வரும் புதியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கும் வேலை இதுதான்: பினாங்குக் கரையில் 2100 வரை கடல் மட்டம் எவ்வளவு உயரும் என்று சிமிப்6 (பல நாட்டு ஆய்வு மையங்கள் ஒரே விதிப்படி காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கூட்டுத் திட்டம்) மாடல்களை வைத்துக் கணக்கிட்டுக் கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று நாளில் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டோடு வந்து நிற்பார்கள். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு கரியமில வாயுவால் வந்ததே அல்ல. மாடலின் ஆழ்கடல் இன்னும் அடங்காமல் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதால் வந்தது.

இதைத்தான் டிரிஃப்ட், அதாவது போலி நகர்வு என்கிறோம். ஆழ்கடல் சமநிலைக்கு வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், அவ்வளவு காலம் மாடலை ஓட்டிப் பார்க்க எந்த மையத்துக்கும் கணினி நேரம் கிடையாது, ஆகவே சோதனை தொடங்கும்போது கடல் பாதி அடங்கிய நிலையில்தான் இருக்கும். கூடவே, கணக்கீட்டு முறைகளில் வெப்பமும் நீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதும் உண்டு. இரண்டும் சேர்ந்து, வெளியிலிருந்து எந்த மாற்றமும் கொடுக்காவிட்டாலும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே பக்கமாக இழுக்கும்.

நீக்கும் கணக்கு கடினமானதல்ல. புதியவர்கள் தடுக்கி விழுவது படிகளின் வரிசையில்தான். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை கண்ட்ரோல் ரன், அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே மாடலைத் தனியாக ஓட்டிய ஓட்டம். பை-கண்ட்ரோல் என்ற பெயரில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று இருக்கும். கரியமில வாயு, சூரிய ஒளி எல்லாவற்றையும் 1850ஆம் ஆண்டு நிலையிலேயே நிறுத்திவைத்து, சிமிப்6 விதிப்படி குறைந்தது 500 ஆண்டுகள் ஓட்டியது. எதையும் மாற்றாமல் ஓடிய ரன்னில் ஒரு நீண்ட காலப் போக்கு தெரிந்தால் அது நகர்வு. எண்ணெய் நிறுக்குமுன் வெறும் டின்னை நிறுத்துக் குறித்துக்கொள்வார்களே, அந்த இடம்தான் இதற்கு.

பலர் ஹிஸ்டாரிக்கல் (1850 முதல் 2014 வரையிலான ஓட்டம்), எஸ்எஸ்பி (2015-க்குப் பிந்தைய எதிர்கால ஓட்டம்) கோப்புகளை மட்டும் இறக்கிவிட்டு, கண்ட்ரோல் ரன்னை அப்புறம் பார்க்கலாம் என்று விடுகிறார்கள். வேண்டாம். அதை முதலில் இறக்குங்கள், முழு நீளத்துக்கும் இறக்குங்கள். சில மாடல்களில் உங்களுக்கு வேண்டிய மாறி, அதாவது வெப்பநிலை போன்ற ஒரு அளவு, கண்ட்ரோல் ரன்னில் பாதி ஆண்டுகளுக்குத்தான் இருக்கும், அந்த மாடலை விட்டுவிடுவதா வேண்டாமா என்பது வேலை தொடங்குமுன்பே முடிவாக வேண்டிய விஷயம்.

அடுத்தது கட்டங்களின், அதாவது மாடல் கடலைப் பிரித்துவைத்திருக்கும் சிறு பெட்டிகளின், பரப்பளவு, கன அளவுக் கோப்புகள். கடல் கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு கிடையாது, எடை போடாமல் சராசரி எடுத்தால் துருவப் பகுதி தேவைக்கு மேல் பேசும்.

அப்புறம் டிஸ்க் இடம். ஒரு டிகிரி மாடலில் 360-க்கு 300 கட்டம், 50 ஆழ அடுக்கு என்று வைத்துக்கொண்டால், கடல் வெப்பநிலையின் ஒரு மாதத் தரவு சுருக்காமல் சுமார் 22 மெகாபைட். 500 ஆண்டுக்கு 6,000 மாதம், கிட்டத்தட்ட 130 கிகாபைட். இறக்கும்போதே சிடிஓ என்ற காலநிலைத் தரவு மென்பொருள் கொண்டு ஆண்டுச் சராசரியாக மாற்றிவிட்டால் 11 கிகாபைட்டில் அடங்கும். மாதங்களின் நாள் கணக்கை எடையாகப் போட்டுச் சராசரி எடுங்கள். உலகச் சராசரி வெப்ப விரிவு மட்டும் போதும் என்றால் ஸோஸ்டோகா என்ற மாறி இருக்கிறது, அது ஆண்டுக்கு 12 எண்கள்தான், இந்தத் தலைவலியே இல்லை.

2. எந்த ரன் எதிலிருந்து பிரிந்தது என்று கண்டுபிடியுங்கள்

எஸ்எஸ்பி ரன்னின் தாய் ஹிஸ்டாரிக்கல். ஹிஸ்டாரிக்கலின் தாய் கண்ட்ரோல் ரன். கண்ட்ரோல் ரன்னின் எந்த ஆண்டிலிருந்து ஹிஸ்டாரிக்கல் பிரிந்தது என்பது கோப்பின் தலைப்புத் தகவலில் 'பிராஞ்ச் டைம் இன் பேரண்ட்' என்ற இடத்தில் இருக்கும். பக்கத்திலேயே 'பேரண்ட் டைம் யூனிட்ஸ்' இருக்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. அலகு '0001 ஜனவரி 1 முதல் நாட்கள்' என்றும், பிரிந்த நேரம் 36,500 என்றும், நாட்காட்டி லீப் ஆண்டு இல்லாத 365 நாள் வகை என்றும் வைத்துக்கொள்வோம். 36,500-ஐ 365-ஆல் வகுத்தால் 100. அதாவது 100 ஆண்டுகள் முடிந்து 101ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிந்திருக்கிறது. ஹிஸ்டாரிக்கலின் 1850-க்கு இணை கண்ட்ரோலின் 101, 2014-க்கு இணை 265, எஸ்எஸ்பியின் 2015-க்கு 266, 2100-க்கு 351. இந்த நான்கு இணைகளையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாப் படியிலும் வேண்டும்.

இங்கே நடக்கும் தவறுகள் கொஞ்சம் அதிகம். சில மாடல்களின் ஆண்டுக்கு 360 நாள்தான். நாட்காட்டியை மாற்றிப் படித்தால் 100 ஆண்டுக்குச் சுமார் 1.4 ஆண்டு பிசகும், 1,000 ஆண்டு தள்ளிப் பிரிந்த ரன் என்றால் 14 ஆண்டு பிசகும். இன்னொன்று, ஒரே மாடலின் வெவ்வேறு ரன்கள் கண்ட்ரோலின் வெவ்வேறு ஆண்டுகளில் பிரிந்திருக்கும், முதல் ரன்னுக்கு எழுதிய இணையை மற்ற எல்லாவற்றுக்கும் போட்டுவிடக் கூடாது. மூன்றாவது, கோப்பில் உள்ள தகவலே தவறாக இருக்கலாம். பிரிந்த நேரம் 0 என்று போட்டிருந்தால் அப்படியே நம்பாதீர்கள். பிரிந்த இடத்தில் கண்ட்ரோல் ரன்னின் ஆழ்கடல் வெப்பநிலையும் ஹிஸ்டாரிக்கலின் 1850 ஜனவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மேற்பரப்பில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அது ஆண்டுக்கு ஆண்டு ஆடும். 3,000 மீட்டர் ஆழத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. எதையும் கழிக்குமுன் கண்ட்ரோல் ரன்னைப் பாருங்கள்

உலகச் சராசரி மேற்பரப்பு வெப்பநிலை, கடலின் மேல் 700 மீட்டர், 700 முதல் 2,000 மீட்டர், 2,000-க்குக் கீழ் என்று நான்கு கோடுகள் போடுங்கள். முழு நீளத்துக்கும். மேலே கோடு ஆடிக்கொண்டே ஏறக்குறைய சமமாகப் போகும். கீழே போகப் போக ஆட்டம் குறைந்து, சாய்வு மட்டும் தெளிவாகத் தெரியும்.

புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, 3,000 மீட்டர்ல கடல் இவ்வளவு வேகமா சூடாகுதே, இதைக் கட்டுரையில போடலாமா?" அவர் வரைந்திருந்தது ஹிஸ்டாரிக்கல் மட்டும். அதே அடுக்கைக் கண்ட்ரோல் ரன்னில் எடுத்து அதன் மேலேயே வரையச் சொன்னேன். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறின, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஹிஸ்டாரிக்கல் மெல்ல மேலே பிரிந்தது. அந்தச் சின்ன இடைவெளிதான் வெப்பமயமாதல். மற்றது எல்லாம் நகர்வு.

கோட்டில் திடீர்ப் படி தெரிந்தால் நிறுத்துங்கள். கோப்புகளை ஒட்டும்போது ஆண்டுகள் இரட்டித்திருக்கலாம், நடுவில் ஒரு கோப்பு விட்டுப்போயிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வளைகோடு பொருத்தினால் அந்தப் படியையும் நகர்வு என்று எடுத்துக்கொள்ளும்.

4. வெப்பக் கணக்கு ஒத்துப்போகிறதா?

இந்தப் படியை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நகர்வு எங்கிருந்து வருகிறது என்று இங்கேதான் தெரியும்.

வளிமண்டலத்தின் உச்சியில் உள்ளே வரும் சூரிய ஒளியிலிருந்து, திரும்பிப் போகும் ஒளியையும் வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சையும் கழித்தால் நிகர வரவு கிடைக்கும். பூமியின் முழுப் பரப்புக்கும் சதுர மீட்டருக்கு 1 வாட் நிகர வரவு என்றால் ஆண்டுக்குச் சுமார் 16 செட்டாஜூல். ஒரு செட்டாஜூல் என்பது 1-க்குப் பின்னால் 21 சுழியம் போட்ட ஜூல். நிகர வரவில் மிகப் பெரும்பங்கு கடலுக்குத்தான் போக வேண்டும். ஆகவே கண்ட்ரோல் ரன்னில் நிகர வரவைக் கூட்டிக்கொண்டே போனால் வரும் கோடும், கடலின் வெப்ப அளவுக் கோடும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் இருக்க வேண்டும்.

பல மாடல்களில் இருக்காது. உச்சியில் 0.3 வாட் வருகிறது, கடலோ 0.05 வாட் அளவுக்குத்தான் சூடாகிறது என்றால் மீதி மாடலுக்குள் எங்கோ காணாமல் போகிறது, அது கசிவு. மாறாக இரண்டும் ஒத்துப்போய், இரண்டுமே சுழியமாக இல்லை என்றால் கடல் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் கடலடியிலிருந்து புவிவெப்பம் ஏறுமாறு வைத்திருப்பார்கள், சதுர மீட்டருக்கு 0.1 வாட் அளவில். அதைக் கசிவென்று எண்ணிவிடாதீர்கள்.

0.1 வாட் என்றால் சின்ன எண்தானே என்று தோன்றும். 1850 முதல் 2014 வரை 165 ஆண்டுக்குக் கூட்டினால் 265 செட்டாஜூல். ஐநாவின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டின்படி 1971 முதல் 2018 வரை உலகக் கடல்கள் உண்மையில் உள்வாங்கியதே சுமார் 396 செட்டாஜூல்தான். கடல் மட்டத்தில் பார்த்தால் அந்த 265 செட்டாஜூல் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வெப்ப விரிவு. இதை வைத்துக்கொண்டு கரையோர மக்களுக்கு ஒரு எண்ணைச் சொல்ல முடியாது.

நல்ல செய்தி, கசிவு கண்ட்ரோலிலும் ஹிஸ்டாரிக்கலிலும் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதால், இரண்டு பக்கமும் நகர்வைக் கழித்தபின் பெரும்பாலான மாடல்களில் கணக்கு நன்றாகவே ஒத்துப்போகும். கழித்தபின்னும் ஒத்துப்போகாத மாடலை நான் சேர்ப்பதில்லை.

5. வளைகோட்டைப் பொருத்துவது

முதல் விதி, கண்ட்ரோல் ரன்னின் முழு நீளத்துக்கும் பொருத்துங்கள். ஹிஸ்டாரிக்கலுக்கு இணையான 165 ஆண்டுத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் பொருத்துவது இயல்பாகத் தோன்றும். ஆனால் குட்டையான துண்டில் கடலின் இயற்கையான மெதுவான ஆட்டமும் சாய்வாகத் தெரியும், அதையும் நகர்வு என்று கழித்துவிடுவீர்கள். 500 ஆண்டில் அந்த ஆட்டம் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆண்டுக்கு ஆண்டு நேரடியாகக் கழிப்பதும் கூடாது. ஹிஸ்டாரிக்கலின் எல் நினோவும் (பசிபிக் கடல் சில ஆண்டுக்கு ஒருமுறை சூடாவது) கண்ட்ரோலின் எல் நினோவும் வெவ்வேறு ஆண்டில் வரும், கழித்தால் இரண்டின் இரைச்சலும் சேர்ந்து சிதறல் இரட்டிப்பாகும். நகரும் சராசரியிலும் இதே கோளாறுதான், கொஞ்சம் குறைவாக.

நேர்கோடா, முப்படி வளைகோடா (ஆண்டின் மூன்றாம் அடுக்கு வரை போகும் சமன்பாடு)? மேற்பரப்பு வெப்பநிலைக்கு நேர்கோடு போதும். ஆழ்கடலுக்கும் வெப்ப விரிவுக்கும் நான் முப்படி எடுப்பேன், ஏனென்றால் தொடக்கத்தில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் நகர்வது அங்கே வழக்கம். ஆனால் முப்படிக்கு ஒரு ஆபத்து உண்டு. கண்ட்ரோல் ரன் 351ஆம் ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டால், தரவு இல்லாத பகுதிக்கு வளைகோட்டை நீட்ட வேண்டிவரும், அங்கே அது எப்படி வேண்டுமானாலும் திரும்பும். அப்படியானால் நேர்கோட்டோடு நில்லுங்கள். நேர்கோட்டில் இன்னொரு வசதி, இணை ஆண்டில் சிறு பிசகு இருந்தாலும் போக்கு மாறாது. முப்படியில் மாறும்.

கணினி பக்கமாக இரண்டு விஷயம். ஆண்டு எண்ணை அப்படியே மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தாதீர்கள், நடு ஆண்டைக் கழித்துச் சிறிய எண்ணாக்கிவிட்டுப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் விடையின் கடைசி இலக்கங்கள் குப்பையாகும். அப்புறம் 64 பிட்டில் கணக்கிடுங்கள். தரவு 32 பிட்டில்தான் வரும், அதில் ஏழு இலக்கம்தான் நம்பகம். லட்சக்கணக்கான கட்டங்களைக் கூட்டும்போது ஆழ்கடலின் மெல்லிய மாற்றம் அந்த ஏழுக்குள் காணாமல் போய்விடும். எக்ஸ்அரே என்ற பைத்தான் தொகுப்பில் ஒரு வரிதான், பலர் போடுவதில்லை.

6. கழிப்பது

வளைகோட்டின் மதிப்பை இணை ஆண்டுகளில் எடுத்து, பிரிந்த ஆண்டில் அதன் மதிப்பு எவ்வளவோ அதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் ஹிஸ்டாரிக்கலிலிருந்தும் எஸ்எஸ்பியிலிருந்தும் நீக்குங்கள். வளைகோட்டை முழுசாகக் கழித்தால் சராசரியும் போய்விடும், 28 டிகிரிக் கடல் 0 டிகிரியில் வந்து நிற்கும்.

ஹிஸ்டாரிக்கலையும் எஸ்எஸ்பியையும் ஒட்டிவிட்டு ஒரே மூச்சில் கழியுங்கள். தனித்தனியாகச் செய்பவர்கள் எஸ்எஸ்பிக்கு 2015-ஐப் புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்வார்கள், அப்போது 2014-க்கும் 2015-க்கும் நடுவில் ஒரு படி வந்துவிடும்.

எதை முதலில் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். கடல்நீரின் அடர்த்தி வெப்பநிலைக்கும் உப்புத்தன்மைக்கும் நேர்விகிதத்தில் மாறுவதில்லை. ஆகவே அடர்த்தியையோ விரிவையோ இரண்டு ரன்னிலும் மூலத் தரவிலிருந்து கணக்கிட்டுவிட்டு, அந்த விடையில் நகர்வை நீக்குங்கள். '30 டிகிரிக்கு மேல் போன நாட்கள்' போன்ற எல்லை வைத்து எண்ணும் கணக்குக்கு இது தலைகீழ், வெப்பநிலையில் முதலில் நீக்கிவிட்டு அப்புறம் எண்ண வேண்டும்.

மழைக்குக் கட்டம் கட்டமாக இதைச் செய்யாதீர்கள். அங்கே நகர்வு இரைச்சலைவிட மிகச் சிறியது, நீங்கள் கழிப்பது இரைச்சலாகத்தான் இருக்கும்.

7. பினாங்குக்கு இறங்குவது

பினாங்கு 5.4 டிகிரி வடக்கு, 100.3 டிகிரி கிழக்கு. ஒரு டிகிரி மாடலில் ஒரு கட்டம் 110 கிலோமீட்டர் அகலம். மலாக்கா நீரிணை அதில் ஒன்றிரண்டு கட்டமாகத்தான் இருக்கும், சில மாடல்களில் தெற்கே மூடியே இருக்கும், பினாங்கு இருக்கும் இடம் தரையாகவும் இருக்கலாம். ஆகவே அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்து நடுவில் இடைமதிப்பு எடுக்காதீர்கள், தரைக் கட்டத்தின் வெற்று மதிப்பு உள்ளே வந்துவிடும். கடல் கட்டங்களை மட்டும் வரைபடமாகப் போட்டு, வடக்கே அந்தமான் கடலோடு தடையில்லாமல் சேர்ந்திருக்கும் மிக அருகிலுள்ள கட்டத்தைக் கண்ணால் பார்த்து எடுங்கள். பல கடல் மாடல்களின் கட்டங்கள் வளைந்தவை, வரிசை எண்ணை அட்சரேகை என்று எண்ணிக்கொண்டால் வேறெங்கோ போய் நிற்பீர்கள்.

உள்ளூர்க் கடல் மட்டத்துக்கு ஸோஸ் என்ற மாறி. விதிப்படி அதன் உலகச் சராசரி ஒவ்வொரு நேரத்திலும் சுழியமாக இருக்க வேண்டும், எல்லா மாடலிலும் இருப்பதில்லை. பரப்பளவு எடையோடு உலகச் சராசரியை முதலில் கழியுங்கள், அதன்பின் உங்கள் கட்டத்தில் நகர்வை நீக்குங்கள், கடைசியில் நகர்வு நீக்கிய ஸோஸ்டோகாவைக் கூட்டுங்கள். ஸோஸில் உலகச் சராசரியை விட்டுவைத்தால் ஒரே விஷயம் இரண்டு முறை கணக்கில் வரும்.

இவ்வளவு செய்தாலும் கையில் இருப்பது கடல் விரிவும் நீரோட்ட மாற்றமும் மட்டும்தான். கிரீன்லாந்து, அண்டார்டிகா பனி உருகல், நிலம் தாழ்தல் எல்லாம் தனியாகச் சேர்க்க வேண்டியவை. மலேசிய நில அளவைத் துறையான ஜூபெம்மின் அலைமானிப் பதிவோடு நேரடியாக ஒப்பிட்டு, மாடல் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதிவிடாதீர்கள்.

8. சரிபார்ப்பது

நகர்வு நீக்கும் அதே நிரலைக் கண்ட்ரோல் ரன்னிலேயே ஓட்டுங்கள். மிச்சப் போக்கு சுழியமாக வர வேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை.

அடுத்து, நகர்வு நீக்கிய கண்ட்ரோல் ரன்னை ஒன்றன்மேல் ஒன்று படியாத 165 ஆண்டுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் போக்கைக் கணக்கிடுங்கள். அந்தப் போக்குகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அதுதான் இயற்கையாகவே வரக்கூடிய அளவு. ஹிஸ்டாரிக்கலின் போக்கு அதற்குள் அடங்கிவிட்டால் மாற்றம் கண்டேன் என்று சொல்ல முடியாது. 500 ஆண்டில் மூன்று துண்டுதான் கிடைக்கும், ஆகவே இதற்கு 1,000 ஆண்டு ஓடிய மாடல்கள் உதவும்.

கழித்தலால் போகாத ஒன்றும் உண்டு. எரிமலைத் தூசி இல்லாமலே கண்ட்ரோல் ரன்னை ஓட்டியிருந்தால், ஹிஸ்டாரிக்கலில் 1883 கிரக்கத்தோவா போன்ற வெடிப்புகள் வரும்போது கடல் தேவைக்கு மேல் குளிரும், வெப்ப விரிவு குறைவாகத் தெரியும். கண்ட்ரோல் ரன்னில் இது இல்லாததால் வளைகோட்டில் அகப்படாது. சிமிப்6-இல் சராசரி எரிமலைத் தூசியைக் கண்ட்ரோலிலும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், பழைய சிமிப்5 மாடல்களை எடுப்பவர்கள் மாடல் விளக்கத்தில் இதைத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக, முடிவோடு இவற்றையும் எழுதிவையுங்கள்: கண்ட்ரோல் ரன்னின் எத்தனை ஆண்டு, எந்த வகை வளைகோடு, பிரிந்த ஆண்டு எது, கோப்பில் இருந்ததா நீங்கள் திருத்தியதா, எந்த மாடலை ஏன் விட்டீர்கள். இவை இல்லாத ஒரு கோட்டை வேறொருவர் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்க வழியே கிடையாது.